சின்ன நாடு, அதனால்தான் வேக இணையமா? சிங்கப்பூரைப் பற்றி ஓர் இழை

2 மார்ச் 2024, மதியம் (கோவையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

சிங்கப்பூரில் வீட்டு இணையத்தை 10 ஜிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப் போகிறார்களாம். செய்தியைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் கோவை மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராத நாடு. ஒரு மூலையில் நின்று கம்பிச் சுருளை உருட்டிவிட்டால் மறுமூலையில் போய் நிற்கும். இதற்கு எதற்குப் பாராட்டு? அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

அங்கே இருக்கிறவன் நான். 1997இல் கப்பல் பட்டறைக்கு மின்பணியாளனாக வந்தேன். 2010க்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள், இணையத்தை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடியிழையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். எனவே கம்பிச் சுருளை உருட்டியவர்களில் நானும் ஒருவன். அது நீங்கள் சொல்கிறபடி உருளவில்லை.

சின்ன நாடு என்பது உண்மைதான். இப்போது சுமார் 735 சதுர கிலோமீட்டர். ஆனால் 1998இல் இன்னும் சின்னதாக இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்துத்தான் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. சிறியதாக இருப்பதுதான் காரணம் என்றால் அப்போதல்லவா இணையம் பறந்திருக்க வேண்டும்? அப்போது நான் பார்த்த இணையம் மாட்டு வண்டி.

3 மார்ச்

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. மாட்டு வண்டி என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1998இல் அங் மோ கியோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த வீட்டு அக்காவின் மகன் தொடக்கக் கல்லூரி மாணவன். கணினியையும் தொலைபேசியையும் ஒரு மோடம் இணைக்கும். அது முதலில் கீச்சென்று கத்தும், பிறகு கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல் ஓர் இரைச்சல், பிறகு அமைதி. அந்த அமைதி வந்தால் இணையம் வந்துவிட்டது என்று பொருள். அதற்குள் அக்கா சமையலறையிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. அப்போது இங்கே உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கில்தான் கட்டணம். இணையக் கணக்குக்கு ஒரு காசு, அதற்காகச் சுழற்றிய தொலைபேசிக்கு இன்னொரு காசு. மாதக் கடைசியில் பில் வரும் நாளில் நான் அறையை விட்டு வெளியே வரமாட்டேன். தாய்க்கும் மகனுக்கும் நடக்கிற சண்டையில் எனக்கு இடமில்லை.

ஒரு படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். நெற்றி வந்து மூக்கு வருவதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடுவேன்.

3 மார்ச், சற்று நேரம் கழித்து

இதைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். அந்த மாட்டு வண்டிக் காலத்திலேயே இங்கே தமிழ் இணையத்தில் ஏறிவிட்டது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளோடு ஓர் இணையத்தளம் தொடங்கினார்கள். அதில் தமிழைத் திரையில் வரவைத்தவர் நா. கோவிந்தசாமி, ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் பணியில் இருந்தவர், எழுத்தாளர். கணியன் என்ற அவருடைய விசைப்பலகை முறையைப் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1997இல் தமிழ் இணையத்துக்கென்றே ஒரு மாநாடு இங்கே நடந்தது. 1999இல் அவர் காலமாகிவிட்டார். விரிவலை (பிராட்பேண்ட், அதாவது வேக இணையம்) என்று சொல்லத்தக்க எதையும் அவர் வீட்டில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

5 மார்ச்

கோவைக்காரர் மறுமொழி எழுதியிருக்கிறார்: "1998இல் உலகம் முழுக்கவே மெதுவாகத்தான் இருந்தது. அப்போது தொழில்நுட்பமே இல்லை. பின்னர் வந்தது, சின்ன நாடு என்பதால் சீக்கிரம் பரவியது."

இல்லை ஐயா. தொழில்நுட்பம் இருந்தது. அதுவும் இங்கே இருந்தது. 'சிங்கப்பூர் ஒன்' என்று ஒரு திட்டம். 1996இல் அறிவித்தார்கள், 1998இல் முறைப்படி தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே வலையமைப்பு என்பதுதான் அந்த 'ஒன்'. வீட்டுக்கு வீடு கண்ணாடியிழை போட்டு, படமும் பாடமும் வங்கியும் அதன்வழி வரும் என்றார்கள். கடைத்தொகுதிகளில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று பார்த்தேன்.

5 மார்ச், இரவு – திருத்தம்

மேலே "வீட்டுக்கு வீடு கண்ணாடியிழை" என்று எழுதியது தப்பு. பழைய சக ஊழியர் ஒருவர் அழைத்துத் திட்டினார். சிங்கப்பூர் ஒன்னில் முதுகெலும்பு, அதாவது நிலையங்களை இணைக்கும் நடுத்தடம் மட்டும்தான் இழை. வீட்டு வாசலுக்கு வந்தது இரண்டு பழைய வழிகள்: தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாக ஒன்று, கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழியாக மற்றொன்று. கேபிள் நிறுவனம் 1999க்குள் தீவு முழுக்கக் கம்பி இழுத்து முடித்துவிட்டது.

ஆனால் இந்தத் திருத்தம் என் கட்சிக்கே சாதகம். யோசித்துப் பாருங்கள். 1999இல் இந்தச் சின்ன நாட்டில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விரிவலையைத் தாங்கக்கூடிய இரண்டு கம்பிகள் இருந்தன. உருட்ட வேண்டிய சுருளை உருட்டியாகிவிட்டது. அப்படியும் அங் மோ கியோ அக்கா வீட்டுக்கு அது வந்தது 2002இல்தான். ஏன்? விலை. செப்புக் கம்பி ஒருவருடையது, கேபிள் கம்பி இன்னொருவருடையது. கம்பியை வைத்திருக்கிறவரே இணையத்தையும் விற்பார். மூன்றாவதாக ஒருவர் கடை போட வேண்டுமென்றால் முதல் இருவரின் கொல்லைப்புறம் வழியாகத்தான் வரவேண்டும்.

6 மார்ச்

"அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் முடிந்தது, அங்கே எதிர்க்கட்சியா இருக்கிறது?" என்று ஒருவர். சிரித்தேன். ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை. செப்புக் கம்பியின் சொந்தக்காரரான சிங்டெல் நிறுவனத்துக்கு 2007 வரை தொலைபேசிச் சேவையில் ஏகபோக உரிமை கொடுத்திருந்தார்கள். அதை 2000இலேயே முடிக்க முடிவு செய்தபோது, கொடுத்த வாக்கை மீறியதற்காக 1.5 பில்லியன் வெள்ளி இழப்பீடு தந்தார்கள். சந்தையைத் திறக்கிற அரசுதான் அதற்கு விலையும் கொடுத்தது. 2000 ஏப்ரலில் முழுவதும் திறந்துவிட்டார்கள். அப்படித் திறந்தும் வீட்டு இணையத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்தாலும் உள்ளே நுழைய ஒரே ஒற்றையடிப் பாதை என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

(வெள்ளி என்றால் இங்கே டாலர். கிழமை இல்லை, உலோகமும் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள்.)

9 மார்ச்

சனிக்கிழமை. நேரம் இருக்கிறது. முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2006இல் அடுத்த பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் வந்ததுதான் இன்று எல்லாரும் வாய்பிளக்கும் கண்ணாடியிழை வலையமைப்பு. இந்தத் தடவை செய்த வேலை என்னவென்றால், மூன்றாக வெட்டினார்கள். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் கிடக்கிற வெறும் இழை ஒருவருக்கு. அவர் வீட்டுக்காரரிடம் இணையம் விற்கக்கூடாது. இழையின் இரு முனையிலும் ஒளியை ஏற்றி இறக்கும் கருவிகள் இரண்டாமவருக்கு. அவரிடமிருந்து மொத்தமாக வாங்கி வீடுகளுக்குச் சில்லறையில் விற்கிறவர்கள் மூன்றாவது. அவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். இழைக்கு 2008இல் ஓபன்நெட் என்ற கூட்டு நிறுவனம், கருவிக்கு 2009இல் நியூக்ளியஸ் கனெக்ட். அரசு கொடுத்த மானியம் ஒரு பில்லியன் வெள்ளி.

2010 செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. 2012 நடுப்பகுதிக்குள் 95 விழுக்காட்டு இடங்களுக்கு இழை எட்டியது. ஒரு வீட்டு இழைக்கு மாதம் 15 வெள்ளி என்று மொத்த விலையை அரசின் தகவல்தொடர்பு ஆணையமே நிர்ணயித்தது. பெரிய கடைக்கும் அதே விலை, நேற்று முளைத்த கடைக்கும் அதே விலை. அதன் பிறகுதான் புதுக்கடைகள் முளைத்தன. 2014 தொடக்கத்தில் 1 ஜிகாபிட் இணைப்பு மாதம் ஐம்பது வெள்ளிக்கும் கீழே வந்தது.

அதே தீவு, ஏறக்குறைய அதே பரப்பளவு. மாறியது கம்பிக்கு யார் சொந்தக்காரர் என்பது மட்டும்.

9 மார்ச், இரவு

ஒரு பில்லியன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இழைக்கு 750 மில்லியன் வரை, கருவிக்கு 250 மில்லியன் வரை. இரண்டிலும் அந்த 'வரை' முக்கியம்.

10 மார்ச்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் எனக்கே அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது. மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

இழையைப் புதிய நிறுவனம் போட்டது. ஆனால் அந்த இழை போகிற குழாயும் அதை முடிச்சுப் போடுகிற தொலைபேசி நிலையமும் பழைய நிறுவனமான சிங்டெல்லுடையவை. போதாதற்கு, ஓபன்நெட்டிலேயே சிங்டெல்லுக்கு 30 விழுக்காடு பங்கு. 2013இல் ஓபன்நெட்டை வாங்கிக்கொண்ட நெட்லிங்க் டிரஸ்ட் என்ற நிறுவனம் அப்போது முழுக்க முழுக்க சிங்டெல்லுடையதாகவே இருந்தது. 2017இல் சிங்டெல் அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்து, தன் பங்கைக் கால்வாசிக்கும் கீழே குறைத்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆகவே "மூன்றாக வெட்டினார்கள்" என்று நான் சொன்னது 2008இல் தாளில் வெட்டியது. நிஜத்தில் வெட்டி முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இருந்தாலும் என் கட்சியை விடுவதாக இல்லை. தாளில் வெட்டியதே போதுமானதாக இருந்தது, விலை நிர்ணயம் பொதுவில் இருந்ததால்.

13 மார்ச்

சொல்லைப் பற்றிச் சண்டை தொடங்கிவிட்டது. நான் 'விரிவலை' என்று எழுதினால் ஒருவர் 'அகலப்பட்டை' என்று திருத்துகிறார். தாராளமாக. ஆனால் பட்டை என்றால் என் அம்மாவுக்குப் பிரியாணியில் போடுவது, அப்பாவுக்கு நெற்றியில் இடுவது. அகலமான பட்டை போட்டுக்கொண்டு வந்தான் என்றால் பக்திமான் என்று நினைப்பார். நான் கடலோர ஊர்க்காரன். விரித்த வலை என்றால் உடனே புரிகிறது. இரண்டிலும் மீன் சிக்கினால் சரி.

16 மார்ச்

வீட்டுக்கு வீடு போன கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே மக்களில் ஐந்தில் நால்வருக்கு அருகில் வீவக வீடுகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். இது எங்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஒரு புளோக்கின் அடியில் இழை வந்தால் மாடிக்கு மாடி ஏறும் செங்குத்துக் குழாய் ஒன்று இருக்கும், ரைசர் என்போம். அதில் ஏற்றி, ஒவ்வொரு மாடித் தாழ்வாரத்திலும் பிளாஸ்டிக் குழாயில் படுக்கவைத்து, வாசல் தலைக்கு மேல் கொண்டுவந்துவிட்டால் நூறு வீட்டுக்கு வேலை முக்கால்வாசி முடிந்தது. கோவைக்காரர் சொல்கிற 'சின்ன நாடு' என்பதற்குப் பதிலாக 'நெருக்கமான நாடு' என்று சொல்லியிருந்தால் நான் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன்.

மீதிக் கால்வாசிதான் எங்களைச் சாகடித்தது. வாசலுக்கு வெளியே எல்லாம் அரசாங்கம், வாசலுக்கு உள்ளே வீட்டுக்காரர். சுவரில் ஓட்டை போட்டு, இழையை உள்ளே இழுத்து, கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். முனையப் பெட்டி, நாங்கள் டிபி என்போம். முதல் தடவை இலவசம். இலவசம் என்றாலே சந்தேகம். "எனக்கு இணையம் வேண்டாம், எதற்கு ஓட்டை?" என்பார்கள். "இப்போது பூசிய சுண்ணாம்பு" என்பார்கள். வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் பிறகு காசு கொடுத்துப் பொருத்திக்கொண்டார்கள். அப்போதும் நான்தான் போனேன்.

ஈசூனில் ஒரு சீன ஆன்ட்டி. எண்பதை நெருங்கியவர். வாசலுக்கு வெளியே சுவரில் சிவப்புத் தகரத்தில் ஊதுவத்திக் கிண்ணம், வான தெய்வத்துக்கு. எங்கள் ஓட்டை அதற்குச் சரியாக ஒரு சாண் மேலே வருகிறது. என் கையிலிருந்த துளைக்கருவியைப் பார்த்ததும் அவர் கிண்ணத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பேசவில்லை, நின்றார், அவ்வளவுதான். பேரன் வந்து மொழிபெயர்த்தான்: நல்ல நாள் பார்க்க வேண்டும். உள்ளே போய்ப் பஞ்சாங்கம் கொண்டுவந்தார். நம்முடையது போலவே மெல்லிய தாள், நெருக்கமான எழுத்து. அடுத்த வாரம் வியாழன், காலை ஒன்பதுக்கு மேல் பதினொன்றுக்குள். என் கூட வந்த வங்காளதேசத்துப் பையனுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராகு காலத்தில் உரலைக்கூட நகர்த்தாத வீட்டில் வளர்ந்தவன். வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் போனேன். ஆன்ட்டி எங்களுக்கு ஆரஞ்சு கொடுத்தார்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: அந்த ஒரு வீட்டுக்கு இரண்டு பயணம், எட்டு நாள். நாடு எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன?

17 மார்ச்

நேற்றையதில் விட்டுப்போனது, காலணி அடுக்கு. சுவர் நெடுகக் குழாய் ஓடக்கூடாது என்று பல வீடுகளில் சொல்லிவிடுவார்கள். அப்போது டிபியை வாசலுக்கு உள்ளே உடனேயே பொருத்துவோம். அங்கே என்ன இருக்கும்? காலணி அடுக்கு. பிறகு இணையக் கருவியும் அதற்குள்ளேயே போய்விடும், கதவையும் சாத்திவிடுவார்கள். 1 ஜிகாபிட் வேகத்தில் வந்த ஒளி கடைசியில் பள்ளிக் காலணிக்கும் குடைக்கும் நடுவே மூச்சுத் திணறி, படுக்கையறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கால்வாசிகூட மிஞ்சாது. என் கையால் அப்படிப் பொருத்தியவை நூற்றுக்கும் மேல். மன்னித்துக்கொள்ளுங்கள்.

21 மார்ச்

"தீவு நாடுகள் எல்லாமே இப்படி முன்னேறிவிடும்" என்று இடையில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா சிங்கப்பூரைப் போலவே பரப்பில் சிறியது, மக்கள் தொகை ஒரு லட்சம். 2013 வரை செயற்கைக்கோள்தான். பிறகுதான் பிஜியிலிருந்து கடலடிக் கம்பி வந்தது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து அந்தக் கம்பி அறுந்தபோது ஐந்து வாரம் அந்நாட்டுக்கு உலகத்தோடு சரியான தொடர்பே இல்லை. சிறியதாக இருப்பது வரமா சாபமா என்பது நீங்கள் எந்தக் கடல் பாதையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர் கப்பல் பாதையில் இருக்கிறது; கப்பல் பாதைதான் கம்பிப் பாதையும். சென்னையிலிருந்தே 2002இல் 3,200 கிலோமீட்டர் நீளக் கம்பி ஒன்று இங்கே வந்து சேர்ந்தது, இந்தியாவின் பார்த்தி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து போட்டது.

என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடலடிக் கம்பி என்றால் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை பேசுவதுதான். கண்ணாடிக் கூண்டு, காதில் மாட்டும் கருவி, அப்பாவின் குரல் ஒரு நொடி தாமதித்து வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ" என்போம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம்.

30 மார்ச்

ஒரு வாரம் எழுதவில்லை. வேலை. இன்றைக்கும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் குழுவில் பதினொரு பேர். ஏழு பேர் புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கம்; நான்கு பேர் வங்காளதேசம். நாளுக்கு எட்டு ஒன்பது வீடுகள். இழையின் நடுக்கரு ஒன்பது மைக்ரான். முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இரண்டு முனையை நேர்வெட்டாக வெட்டி, ஒட்டுக் கருவிக்குள் வைத்தால் ஒரு மின்பொறியில் உருகி ஒன்றாகும். பெரம்பலூர்த் தம்பி ஒருவன் அதில் கெட்டிக்காரன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவான். ஊரில் நெசவு வீட்டுப் பையன்; அறுந்த நூலைச் சேர்த்த விரல் என்று சொல்வான்.

அந்த ஆண்டுகளில் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் இழை இல்லை. நாளெல்லாம் மற்றவர் வீட்டுக்கு 100 மெகாபிட் இழுத்துக் கொடுத்துவிட்டு, இரவில் கைப்பேசியில் முன்பணம் கட்டிய அட்டையின் மிச்சத்தை எண்ணி எண்ணி ஊருக்குப் பேசினார்கள். வீட்டைச் சோதிக்கும்போது ஒரு சின்ன காணொளியை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். பெரம்பலூர்த் தம்பி எப்போதும் ஒரே பாட்டைத்தான் போடுவான், முழுதாகக் கேட்பான். வீட்டுக்காரர்களுக்கு அது சோதனை என்று நினைப்பு.

2020 ஏப்ரலில் விடுதிகளைப் பூட்டியபோதுதான் இணையம் அவர்களுக்கும் அரிசி பருப்பு போல அத்தியாவசியம் என்று எல்லாருக்கும் பட்டது. அவசர அவசரமாகக் கம்பியில்லா இணைப்பு, தரவு அட்டைகள். அதே மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்து படிப்பு என்றானபோது கணினியில்லாத வீடுகள் இருப்பதும் தெரிந்தது. வருமானம் குறைந்த வீடுகளுக்குக் குறைந்த விலையில் இழை இணைப்புக் கொடுக்கும் திட்டம் 2014 முதலே இருந்தது, அப்படியும்.

95 விழுக்காடு என்று நான் மேலே பெருமையாக எழுதினேன் அல்லவா. அது இழை எட்டிய இடங்களின் கணக்கு, இணையம் கிடைத்த ஆட்களின் கணக்கு அல்ல. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். பாயசம் அதிகமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

10 ஜிகாபிட் தேவையா என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு எனக்குத் தேவையில்லை. இழையை மாற்றப் போவதில்லை, இரு முனையிலும் இருக்கிற கருவிகளைத்தான் மாற்றுவார்கள். இன்றைய முறையில் ஓர் இழையை ஒளிப்பிரிப்பான் வழியாகப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள். மொத்தம் கீழிறங்குவது 2.5 ஜிகாபிட். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. புதிய முறையில் அந்த மொத்தமே 10. ஆகவே '10 ஜிகாபிட் வீடு' என்பதும் சந்தைப் பேச்சுதான், 'முழுச்சாப்பாடு அளவில்லாதது' மாதிரி.

19 ஏப்ரல்

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 1 ஜிகாபிட்டுக்கு, அதாவது ஆயிரம் மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறோம். கருவிக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டி அளந்தாலும் நூறு மெகாபிட்கூட வருவதில்லை. பெட்டி காலணி அடுக்குக்குள் இருக்கிறது. விற்ற நிறுவனத்தில் கேட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள்."

இழை எங்காவது அடுக்கின் பின்னால் மடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. கண்ணாடிக்குள் போகிற ஒளி வளைவு கூர்மையானால் வெளியே கசிந்துவிடும். சிவப்பொளிப் பேனா ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன்; ஒரு முனையில் அடித்தால் மடங்கிய இடம் சிவப்பாக எரியும். இணைய ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே யாரும் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். நாளை சனிக்கிழமை, அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. வந்து பார்க்கிறேன். காலணிகளை மட்டும் எடுத்து வையுங்கள் அம்மா.

19 ஏப்ரல், நள்ளிரவு

படுத்த பிறகு உறைத்தது. எவ்வளவு என்று சரியாகக் கேட்டேன். "எப்போதும் 94" என்கிறார். நானெல்லாம் மேற்பார்வையாளன்! இழை மடங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். படியளந்தாற்போல் 94இல் நிற்காது. 94இல் நின்றால் பழுது இழையிலேயே இல்லை.

20 ஏப்ரல்

போய்ப் பார்த்தேன். இழை சுத்தம். ஈசூன் ஆன்ட்டி வீட்டில் பொருத்திய அதே மாதிரிப் பெட்டி, யார் பொருத்தினார்களோ நன்றாகவே பொருத்தியிருக்கிறார்கள். வெள்ளைப் பெட்டியிலிருந்து வந்த ஒளியை மின்குறியாக மாற்றும் கருவிக்கும், அலைபரப்பும் கருவிக்கும் நடுவே ஒரு முழ நீளத்தில் பழைய சாம்பல் நிறக் கம்பி. உள்ளே எட்டு நூல் இருக்கும். 1 ஜிகாபிட் போக எட்டும் வேண்டும். நான்கு இருந்தாலே 100 போய்விடும். அடுக்கின் கதவு பத்தாண்டாகச் சாத்திச் சாத்தி ஒரு நூல் அறுந்திருந்தது. இரண்டு கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு, சரி நூறோடு நிறுத்திக்கொள்வோம் என்று சமாதானமாகிவிட்டன.

பையிலிருந்த புதுக் கம்பியை மாட்டினேன். மூன்று வெள்ளி. வேகம் 930ஐத் தாண்டியது. அந்த வீட்டுப் பையன் அறையிலிருந்து கத்தினான்.

பழைய கம்பியைக் குப்பையில் போடப் போனேன். சகோதரியின் மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கி, நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டார். துணி காயப்போடும் மூங்கில் கழியைக் கட்டுவதற்காம்.